தடிச்சிக்குப் புளிப்பு ஆகாது

ஒரு திங்கட்கிழமை மத்தியானம், வயிறு நிறையச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "ஒதிலியா, ஒரு காபி போடேன்" என்று மனைவியிடம் சொன்ன லிசிமாகோ, அந்தக் காபி கொதிப்பதற்குள் செத்துப்போனான். அவன் அவசரக்காரன் அல்ல. தன் கல்யாணத்துக்கே தாமதமாக வந்தவன். பாதிரியார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, சர்ச் வாசலில் சும்மா நின்ற ஒரு கழுதைக்காரனை மாப்பிள்ளையாக நிறுத்தி முடித்துவிடலாமா என்று பெண்வீட்டாரிடம் கேட்டதாக அந்த மலையூர் மொந்தோமோவில் இன்றைக்கும் பேச்சு உண்டு. அப்படிப்பட்டவன் இந்த ஒரு காரியத்தில் மட்டும் காட்டிய வேகம் ஒதிலியாவுக்குப் பிடிபடவே இல்லை. அடுப்பை அணைத்தாள். காபிப் பாத்திரத்தை இறக்கினாள். எதற்கென்று தெரியாமல் அதை ஒரு தட்டால் மூடி வைத்தாள்.

அழவில்லை. ஊர் காத்திருந்தது. மலைப்பாதையில் பஸ்ஸே நேரத்துக்கு வருவதில்லை, அழுகை மட்டும் வந்துவிடுமா என்று பொறுமையாகவே காத்திருந்தது. சவப்பெட்டி குழிக்குள் இறங்கும்போது எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் குனிந்து, கயிறு பிடித்திருந்தவனைப் பார்த்து, "உன் செருப்பு வார் அறுந்திருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அவர்களுடைய மரவள்ளி மில்லில் கிழங்கு உரிக்கும் நிடியா ஒரு குவளை சூடான வெல்லத் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒதிலியா குடித்தாள். தொண்டையில் சூடு இறங்கியது, வேறு எதுவும் இறங்கவில்லை. பாவம், துக்கத்தில் வெல்லம் போட மறந்துவிட்டாள் போலும் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் சூப்பில் உப்பு இல்லை. அதற்கு மறுநாள் எலுமிச்சம்பழத்தில் புளிப்பு இல்லை. எலுமிச்சம்பழத்துக்குள் புளிப்பை வைக்க யாரும் மறந்திருக்க முடியாது என்பது புரிந்தபோது, மறந்தது தன் நாக்குதான் என்று தெரிந்துகொண்டாள். அதற்கும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பாதிப் பழத்தை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

இதைச் சின்ன விஷயம் என்று நினைத்துவிடக் கூடாது. மொந்தோமோவில் புளிப்புதான் பிழைப்பு. மலையிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் மரவள்ளிக்கிழங்கை உரித்து, துருவி, அலசி, மாவுப்பாலைத் தெளியவைத்து, அடியில் தங்கும் ஈர மாவைத் தொட்டியில் போட்டுத் தண்ணீருக்கடியில் புளிக்கவிடுவார்கள். புளித்த மாவு வெயிலில் காய்ந்து ரொட்டிக்கடைக்குப் போகும். ஈஸ்ட் இல்லை, சோடா இல்லை, அந்தப் புளிப்பு ஒன்றுதான் ரொட்டியைப் பூரித்து எழவைக்கும். தொட்டி புளித்துவிட்டதா, இன்னும் கிடக்கட்டுமா என்று சொல்ல ஒவ்வொரு மில்லுக்கும் ஒரு நாக்கு உண்டு. லிசிமாகோவும் அவன் தம்பி ஆர்செசியோவும் சேர்ந்து நடத்திய மில்லுக்கு ஒதிலியாவின் நாக்கு.

அது சாதாரண நாக்கா! ஒரு சிட்டிகை மாவை வாயில் வைத்தால் கிழங்கு எந்த மலைச்சரிவில் விளைந்தது என்று சொல்லும். அதை உரித்தவள் காலையில் புருஷனோடு சண்டை போட்டுவிட்டு வந்தாளா என்றும் சொல்லும். ஒருமுறை ஈர மாவைத் தொட்டு நக்கிவிட்டு, "இதை உரிச்சவ முழுகாம இருக்கா" என்றாள். உரித்த நிடியா அங்கேயே மயங்கி விழுந்தாள். அவள் அதுவரை புருஷனிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. மூன்று பள்ளத்தாக்கு தாண்டியிருந்த ரொட்டிக்கடைக்காரர்கள்கூட "ஒதிலியா பாத்தாச்சா?" என்று கேட்டுத்தான் மூட்டையை இறக்குவார்கள்.

அந்த நாக்குதான் இப்போது வாய்க்குள் ஒரு ஈரத்துணி போலக் கிடந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒளிக்க வேண்டும் என்றும் நினைக்கவில்லை. சொல்வதற்கு வாயைத் திறக்க வேண்டும், அதற்கு ஒரு காரணம் வேண்டும், அது அவளிடம் இல்லை. தொட்டியருகே கூப்பிட்டார்கள், போனாள். தொட்டு நக்கினாள். "ஆச்சு" என்றாள். மாவு வெயிலுக்குப் போனது.

மில்லுக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில் தடிச்சி படுத்திருந்தாள். ஒரு பஸ் நீளத்துக்குக் கறுப்புப் பிளாஸ்டிக் பை. காற்றுப் புகாமல் கட்டிய பை. மாவு அலசிய தண்ணீர் ஒரு முனையில் உள்ளே போகும். மறுமுனையில் ஓடையில் விடுகிற அளவுக்குத் தெளிந்து வெளியே வரும். இடையில் உண்டாகும் கேஸ் பையின் மேல்பாகத்தை உப்பவைத்து, குழாய் வழியாக அடுப்படிக்கு வந்து, மில்லாட்கள் எல்லோருக்கும் மத்தியானச் சாப்பாடு ஆக்கிவிடும். "இந்த ஊர்ல கிழங்கு குளிச்ச தண்ணியக் குடிச்சு சோறு போடுற பொம்பளை இவ ஒருத்திதான்" என்பான் லிசிமாகோ. பெயர் வைத்ததும் அவன்தான்.

தடிச்சிக்கு உயிர் கொடுத்த கதையை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். இதுதான் சரியானது. புதுப் பையில் வெறும் தண்ணீரை விட்டால் கேஸ் வராது, ஏற்கெனவே உயிரோடிருக்கும் ஒரு தொட்டியின் சேறு உள்ளே போக வேண்டும். லிசிமாகோ கீழே சமவெளியில் ஒரு பன்றிப் பண்ணைக்குப் போய், பால் கேன்களில் கருஞ்சேற்றை நிரப்பி, பஸ்ஸில் ஏறினான். முதல் வளைவில் ஒரு கேனின் மூடி கழன்றது. இரண்டாவது வளைவில் கோழிக்கூடையோடு இருந்த கிழவர் இறங்கினார். மூன்றாவதில் கன்னியாஸ்திரிகள் இறங்கினார்கள், ஆனால் சபிக்கவில்லை. கடைசியில் கூடையில் விட்டுப்போன கோழிகளும் ஜன்னல் வழியாகக் குதித்துவிட்டன. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டியபடியே மலை ஏறினான், அன்றிலிருந்து அவன் கழுத்து ஒரு பக்கமாகத்தான் திரும்பும். லிசிமாகோ மட்டும் கேன்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, குழந்தையைக் குளிருக்கு மறைப்பதுபோல மேலே போர்வை போர்த்தி, மொந்தோமோ வந்து சேர்ந்தான். ஒதிலியா அவனைப் பல நாள் வீட்டுக்குள் விடவில்லை. ஆனால் அடுப்பு எரிந்தது. அன்று பற்றிய நீலம் அவன் இருந்தவரை அணைந்ததே இல்லை.

தடிச்சிக்குத் தீனி வைக்கும் வேலையை லிசிமாகோ யாரிடமும் கொடுத்ததில்லை. அலசிய தண்ணீரை அளவாக விடுவான். புளிக்கும் தொட்டிகளின் மேல் நிற்கிற புளித்த தண்ணீரை மட்டும் தனியாகச் சாம்பல் குழியில் விட்டு, ஆறவைத்து, போனால் போகிறதென்று கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவான். ஏன் என்று கேட்டால், "தடிச்சிக்குப் புளிப்பு ஆகாது" என்பான். அதே மூச்சில், தடிச்சி குறட்டை விடுவாள் என்பான். ஆந்தைக்குப் பயப்படுவாள் என்பான். தன் மாமியாரோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்பான். இதில் எதை நம்புவது, எதை விடுவது? ஊர் எல்லாவற்றையும் சேர்த்து விட்டுவிட்டது.

லிசிமாகோவுக்கான ஒன்பது நாள் ஜெபத்துக்கு மில் மூடிக்கிடந்தது. பத்தாம் நாள் ஆர்செசியோ கதவைத் திறந்தபோது முற்றத்தில் கிழங்கு மலைபோல் குவிந்திருந்தது. அழுகிவிடும் என்ற பயத்தில் இரவு பகலாகத் துருவினான். அலசிய தண்ணீர் மொத்தமும், மாவுக் கலங்கலோடு, பசியோடு கிடந்த தடிச்சியின் வாய்க்குள் போனது.

முதலில் தடிச்சி உப்பினாள். முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு உப்பினாள். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் அடுப்படியில் சுடர் மஞ்சளாகி, நாக்கை நீட்டி, தயங்கியது. ஒரு மத்தியானம் ஒதிலியா தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினாள், குச்சி அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது. எரிய மறுத்த கேஸ் மட்டும் புஸ்ஸென்று அவள் முகத்தில் அடித்தது. பின்னால் தட்டோடு வரிசை நின்றது. அன்று விறகு மூட்டி ஆக்கினார்கள்.

ஒதிலியா பின்பக்கம் போய்ப் பையின் மேல் கை வைத்துப் பார்த்தாள். நலிந்துபோன தொட்டிக்கு என்ன செய்வது என்று மொந்தோமோவில் கைக்குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். மாவு புளிக்காமல் மந்தமாகக் கிடந்தால், நன்றாகப் புளித்த பழைய தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் எடுத்து அதில் ஊற்ற வேண்டும். தொட்டி விழித்துக்கொள்ளும். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். அவள் இருப்பதிலேயே பழைய தொட்டியிலிருந்து, இருப்பதிலேயே கடுமையான தண்ணீரை மொண்டு, தடிச்சியின் வாயில் ஊற்றினாள். மறுநாள் இன்னொரு வாளி. அதை அன்பாகச் செய்தாள் என்று சொல்ல முடியாது. கால் போயிற்று, கை மொண்டது, ஊற்றியது.

தடிச்சி சுருங்கத் தொடங்கினாள். மேல்தோல் மடிப்பு மடிப்பாகத் தொய்ந்தது. மறுமுனையில் வந்த தண்ணீர் கலங்கி, மூக்கை அறுக்கும் வாடையோடு வந்தது.

ஆர்செசியோ இடுப்பில் கை வைத்து நின்றான். கெட்டவன் அல்ல அவன், கவலைப்படுவதற்கென்றே பிறந்தவன்.

"மதினி, இந்தத் தண்ணி ஓடைக்குப் போனா கீழ்க்கரை ஆளுங்க கத்தியோட மேல வருவாங்க. ஆத்து ஆபீஸ்காரன் மில்லுக்குப் பூட்டோட வருவான். இதைக் காலி பண்ணிடலாம். உறிஞ்சுற லாரியக் கூப்பிட்டு, உள்ள இருக்கிறத எடுத்துக் கரும்புக்காட்டுல கொட்டிட்டு, புதுசா சாணி போட்டு ஆரம்பிப்போம்."

"வேண்டாம்" என்றாள் ஒதிலியா.

லிசிமாகோ போன பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் மறுப்பு அது. எந்தச் சவப்பெட்டி வேண்டும், எந்தப் பூ வேண்டும், கல்லறைக்கு எந்தக் கல் வேண்டும் என்று கேட்டதற்கெல்லாம் "சரி" என்றே சொல்லிக்கொண்டிருந்தவள். ஆர்செசியோ திகைத்தான்.

"அது சேறு மதினி. அண்ணன் இல்ல."

"தெரியும்."

"அப்புறம்?"

"அவர் மடியில வெச்சுக் கொண்டுவந்தது. இருக்கட்டும்."

நிடியாதான் யாமிலெத்தைக் கூட்டிவந்தாள். யாமிலெத், காலி என்ற பெருநகரத்திலிருந்து வந்து கூட்டுறவுச் சங்கத்துக்காக மில் மில்லாகச் சுற்றும் இன்ஜினியர். தடித்த கண்ணாடி, சேற்றில் நனைந்த பேன்ட். இறங்கியதும் வணக்கம்கூடச் சொல்லாமல் மூக்கைச் சுருக்கினாள்.

"யாரு என்ன ஊத்துனீங்க?"

புளிப்பை நிறத்தில் காட்டும் ஒரு சின்னக் காகிதப் பட்டையைத் தடிச்சியின் வாயில் நனைத்து எடுத்தாள். பட்டை ஆரஞ்சையும் தாண்டிச் சிவந்தது. "பச்சையா இருந்தா நல்லது. இது என்னடான்னா பீட்ரூட் தின்ன வாய் மாதிரி இருக்கு. அலசுன தண்ணிக்கு மட்டும் இவ்வளவு ஏறாது. சொல்லுங்க."

"நான்தான்" என்றாள் ஒதிலியா. "புளிச்ச தண்ணி. ஒரு நாளைக்கு ஒரு வாளி."

நிடியா சேலைத்தலைப்பு இருந்திருந்தால் வாயைப் பொத்தியிருப்பாள், இல்லாததால் ஏப்ரனால் பொத்தினாள். "ஐயோ அக்கா, நானும் ஊத்துனேன். சாயங்காலம் வீட்டுக்குப் போறப்ப. நீ அந்த அடுப்பையே பாத்துக்கிட்டு நிக்கிறது தாங்கல."

எல்லோரும் ஆர்செசியோவைப் பார்த்தார்கள். அவன் தொப்பியைக் கழற்றி அதற்குள் எதையோ தேடினான்.

"ரெண்டு வாளி" என்றான் கடைசியில். "காலையில ரெண்டு. மதினிக்குத் தெரியாம."

அடக்கத்துக்கு வந்த பாதிரியார்கூட, ஆசீர்வதிக்கப் போன சாக்கில் ஒரு சொம்பு ஊற்றியதாகப் பின்னால் தெரியவந்தது. அவருடைய அப்பாவும் கிழங்கு மில்காரர்.

யாமிலெத் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். "கேளுங்க. இதுக்குள்ள ரெண்டு கோஷ்டி இருக்கு, கண்ணுக்குத் தெரியாத கோஷ்டி. முதல் கோஷ்டி தீனிப் பண்டாரம். மாவு வந்தா அடிச்சுப் பிடிச்சுத் தின்னுட்டு, புளிப்பைக் கக்கும். அதுங்களுக்குப் புளிப்பு, குளிரு, எதுவும் கவலை இல்ல. ரெண்டாவது கோஷ்டி அந்தப் புளிப்பை மெதுவா சாப்பிட்டு, எரியிற கேஸ் விடும். உங்க சோறு அவங்களாலதான் வேகுது. ஆனா ரொம்ப நோஞ்சான் ஆளுங்க. புளிப்பு அளவா வந்தா விருந்து. கூடிப்போனா அவங்களால வாயைத் தொறக்கவே முடியாது. அவங்க சாப்பிடலைன்னா புளிப்பு இன்னும் ஏறும், ஏற ஏற இன்னும் ஒடுங்கிப்போவாங்க. ஒன்பது நாள் பட்டினி போட்டு, பத்தாம் நாள் மலையையே கரைச்சு ஊத்தி, அதுக்கு மேல மருந்துன்னு வாளி வாளியா விஷத்தையும் ஊத்தியிருக்கீங்க."

"மாவுத் தொட்டிக்கு அப்படித்தானம்மா செய்வோம்" என்றான் ஆர்செசியோ.

"மாவுத் தொட்டிக்குப் புளிப்புதான் முடிவு. இவளுக்கு அது பாதி வழி. அங்கேயே நின்னுட்டா."

"செத்துட்டாங்களா?" என்று கேட்டாள் ஒதிலியா.

"சில பேரு. மிச்சம் பேரு மரத்துப்போய்க் கிடக்காங்க. உயிரு இருக்கா இல்லையான்னு வெளியில இருந்து பாத்துச் சொல்ல முடியாது."

ஒதிலியா தலையாட்டினாள். அவளுக்கு அது சரியான பதிலாகப் பட்டது.

"தீனி போடாதீங்க" என்றாள் யாமிலெத். "ஒண்ணுமே போடாதீங்க. சுண்ணாம்புத் தண்ணியத் தெளியவெச்சு, தினம் கொஞ்சம். கிளறாதீங்க, அவசரப்படுத்தாதீங்க. தெரியாம நல்லது செய்யிற ஆளுங்களப் பக்கத்துல விடாதீங்க. உங்களையும் சேத்துதான் சொல்றேன். காலி பண்ணிட்டுப் புதுசா தொடங்கறது சுலபம், அதையும் சொல்லிடறேன்." இருந்த கொஞ்சம் காகிதப் பட்டைகளை ஒதிலியாவின் கையில் திணித்துவிட்டு அடுத்த மில்லுக்குப் போய்விட்டாள்.

தடிச்சிக்குத் தீனி நின்றால் அலசிய தண்ணீர் எங்கே போவது? மில்லுக்கு மேற்கே லிசிமாகோவின் அப்பா காலத்துக் குட்டை ஒன்று இருந்தது. ஆர்செசியோ வாய்க்காலை அந்தப் பக்கம் திருப்பினான். "குட்டை நிரம்புற வரைக்கும் பொறுப்பேன் மதினி. அது வழிஞ்சா ஓடை, ஓடைன்னா பூட்டு. நிரம்புற அன்னிக்கு லாரி வரும். நீ கோபிச்சுக்கக் கூடாது."

"சரி" என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு வேலை இருந்தது. காலையில் சுண்ணாம்புத் தண்ணீரின் தெளிவை இறுத்து, ஒரு செம்பு ஊற்றுவாள். பட்டையை நனைத்துப் பார்ப்பாள். பிறகு குட்டைக்குப் போய்த் தண்ணீர் எந்தக் கல் வரைக்கும் ஏறியிருக்கிறது என்று பார்ப்பாள். திரும்பி வந்து தடிச்சியின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். ஆசையோடு பார்த்தாளா என்றால் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் மற்றவர்களின் நோயாளிக்காக உட்கார்ந்திருப்பவள் போலத்தான் இருந்தாள்.

ஊர் சும்மா இருக்குமா? துக்க வீட்டுக்குத் தட்டு வந்துகொண்டே இருந்தது. கோழி சூப், வாழைக்காய் வறுவல், சோளத் தோசை, ரொட்டிக்கடைகளிலிருந்து சீஸ் சேர்த்த மரவள்ளி ரொட்டி கூடை கூடையாக. ஒதிலியா இதுவரை எல்லாவற்றையும் வாங்கி, தின்று, தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வயிறு கல்லாகக் கிடந்தது. ஒரு நாள் நிடியா தட்டோடு வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள்.

"போதும் நிடியா."

"என்ன போதும்? மூஞ்சியப் பாரு, காஞ்ச கிழங்குத் தோலு மாதிரி. நீ தின்னாம நான் எங்க அம்மாவுக்கு என்ன பதில் சொல்றது?"

"இன்ஜினியரம்மா தீனி போடாதேன்னு சொன்னாங்க."

"அது அவளுக்கு!" என்று தடிச்சியைக் காட்டினாள் நிடியா.

"கொஞ்ச நாளைக்கு எனக்கும்."

நிடியா முறைத்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து, தான் கொண்டுவந்த ரொட்டியைத் தானே கடித்தாள். கடக் என்று சத்தம் கேட்டது. அவள் திரும்பிக்கொண்டு, வாயிலிருந்து எதையோ எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். "என்ன?" என்றாள் ஒதிலியா. "ஒண்ணுமில்ல அக்கா. நல்ல ரொட்டி" என்றாள் நிடியா.

பட்டைகள் சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு வந்தன. ஆரஞ்சு வெளிறி ஒரு காலை மஞ்சளானது. அதற்குப் பிறகு பட்டை இல்லை. கடைசிப் பட்டையை நிடியா, புருஷன் வாங்கிவந்த சாராயம் அசலா போலியா என்று சோதிக்க எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போலிதான் என்று தெரிந்தது, புருஷன் திண்டாடினான், ஆனால் தடிச்சி பச்சைக்கு வந்தாளா இல்லையா என்பது தெரியாமலே போயிற்று. குட்டையோ நாளுக்கு நாள் ஏறியது. மழையும் சேர்ந்துகொண்டது. ஒரு காலை, கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு கைகூட இடமில்லை. மலை உச்சியில் மேகம் கறுத்து நின்றது.

ஆர்செசியோ சொன்ன சொல் தவறாதவன். லாரி வந்தது. கன்னி மரியாள் படம் ஒட்டிய கண்ணாடியோடு, பின்பக்கமாகவே முற்றத்துக்குள் நுழைந்தது. ஓட்டுநர் இறங்கி, யானைத் தும்பிக்கை மாதிரி குழாயைச் சுருள் பிரித்தார்.

"எந்த முனையில போடணும் முதலாளி?"

ஆர்செசியோ ஒதிலியாவைப் பார்த்தான். அவள் தடிச்சியின் மறுமுனையில் குந்தியிருந்தாள். வெளியே கசியும் தண்ணீரில் விரலை விட்டாள். யாரும் தடுப்பதற்குள் நாக்கில் வைத்தாள்.

லாரி ஓட்டுநர் சிலுவை போட்டுக்கொண்டார். அவர் எத்தனையோ கழிவுத் தொட்டி பார்த்தவர், ருசி பார்த்த ஆளைப் பார்த்ததில்லை.

"என்ன மதினி?" என்றான் ஆர்செசியோ. குரலில் நிஜமான ஆவல் இருந்தது. "சொல்லு. புளிக்குதா?"

"புளிக்கல."

ஆர்செசியோவின் தோள்கள் நிம்மதியில் இறங்கின. "அவ்வளவுதான். ஒதிலியா நாக்கு சொன்னா அதுக்கு மேல பேச்சு இல்ல." ஓட்டுநரைப் பார்த்துத் திரும்பினான். "அண்ணே, குழாயச் சுருட்டுங்க. வந்ததுக்கு ஒரு..."

"தம்பி, நில்லு" என்றாள் ஒதிலியா.

அந்த இடத்தில் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். லாரி போயிருக்கும். சேறு இருந்திருக்கும். அவள் விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"என் நாக்கை நம்பாத. அது செத்துப்போச்சு. அவர் போன அன்னிக்கே போச்சு. உப்பு தெரியல, உறைப்பு தெரியல. இது புளிச்சாலும் எனக்குத் தெரியாது, புளிக்காட்டியும் தெரியாது."

ஆர்செசியோவின் முகத்தில் ஒரு கணக்கு மெல்ல ஓடுவது தெரிந்தது.

"அப்போ நீ பாத்து 'ஆச்சு'ன்னு சொன்ன மாவு?"

"சும்மா சொன்னேன்."

"அத்தனை தொட்டியுமா?"

"அத்தனையும்."

"அதான்!" என்று கத்திவிட்டாள் நிடியா. ஏப்ரன் பையிலிருந்து அரைப் பல் ஒன்றை எடுத்துக் காட்டினாள். "அதான் பாத்தேன்! ஊர்ல ரொட்டி எந்திரிச்சே எத்தனை நாளாச்சு! கருங்கல்லு அக்கா, கருங்கல்லு! எங்க வீட்டுல கதவுக்கு முட்டுக்கொடுக்கறது ரொட்டிதான். பாதிரியாரு பல்செட்டு ரெண்டாப் போச்சு."

"யாரும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே?"

"எப்படிச் சொல்றது? புருஷனப் பறிகொடுத்த வீட்டுல வந்து, ரொட்டி எழும்பலன்னு சொல்றதா? எல்லாரும் சேந்து, கொஞ்ச நாள் கடிச்சுக்குவோம்னு பேசிவெச்சாங்க."

மொந்தோமோ மொத்தமும், அதன் ரொட்டிக்கடைகளும், மூன்று பள்ளத்தாக்கும், ஒரு விதவையின் மனம் நோகாமல் இருக்கத் தினமும் காலையில் கல்லைக் கடித்து, "நல்ல ரொட்டி" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ஒதிலியா அதைக் கேட்டு நின்றாள். வெட்கமோ துக்கமோ வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆனால் இது வர வேண்டிய இடம் என்பது அவளுக்குத் தெரிந்தது. அதுவே புதிதாக இருந்தது.

"முதலாளி, மழை வருது" என்றார் ஓட்டுநர்.

"நாக்கு வேண்டாம்" என்றாள் ஒதிலியா. "தீக்குச்சி சொல்லட்டும். எரியலன்னா நீங்க குழாயப் போடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

எல்லோரும் அடுப்படிக்குள் நெருக்கியடித்து நுழைந்தார்கள். ஓட்டுநரும் வந்தார், ருசி பார்த்த அம்மாளை விட்டுக் கண்ணெடுக்க அவரால் முடியவில்லை. நெடுநாள் மூடிக்கிடந்த குழாய் திருகு இறுகியிருந்தது. ஆர்செசியோ துணியைச் சுற்றித் திருப்பினான். ஒதிலியா குச்சியைக் கிழித்தாள். புஸ்ஸென்று வந்த காற்றில் அது அணைந்தது.

ஆர்செசியோ கண்ணை மூடிக்கொண்டான்.

"குழாயில நின்ன பழைய காத்தா இருக்கும்" என்றாள் நிடியா. "வெளியில விடு, இன்னொண்ணு கிழி."

ஜன்னலைத் திறந்து கொஞ்ச நேரம் விட்டார்கள். ஒதிலியா இரண்டாவது குச்சியைக் கிழித்தாள். சுடர் ஒருபுறம் சாய்ந்தது, சுருங்கியது, சிந்தித்தது. பிறகு அடுப்பின் ஒரு ஓட்டையில் மட்டும், நெல்மணி அளவுக்கு, நீலமாக உட்கார்ந்தது. பக்கத்து ஓட்டைக்குத் தாவியது. சுற்றி வந்து வட்டத்தைப் பாதி முடித்து, அவ்வளவுதான் முடியும் என்பதுபோல அங்கேயே நின்றது. ஆனால் நின்றது.

யாரும் கைதட்டவில்லை. ஓட்டுநர் மட்டும் தொப்பியைக் கழற்றினார். ஆர்செசியோ வெளியே போய், தடிச்சிக்குப் போகும் வாய்க்காலின் அடைப்பை ஒரு விரல் அளவு மட்டும் திறந்தான். குட்டை வழியாமலிருக்கத் துருவுவதை நிறுத்திவைத்தான், நிடியா தவிர மற்ற உரிப்பவர்களை வீட்டுக்கு அனுப்பினான். லாரிக்காரர் குழாயைச் சுருட்டினார். மழை பிடித்துக்கொண்டதால் அவரும் கிளம்ப முடியாமல் அடுப்படிக்கே திரும்பி வந்தார்.

"உக்காருங்க" என்றாள் ஒதிலியா. "ஒரு காபி போடறேன்."

அலமாரியில் தட்டால் மூடியபடியே இருந்த பாத்திரத்தை எடுத்துக் கழுவினாள். தண்ணீர் வைத்தாள். பாதி வட்டச் சுடரில் அது கொதிக்க வெகுநேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படவில்லை, யாரும் சாகவும் இல்லை. காபித்தூளைப் போட்டு, பக்கத்திலிருந்த இரண்டு டப்பாவில் ஒன்றிலிருந்து தாராளமாக இரண்டு கரண்டி அள்ளிப் போட்டுக் கலக்கி, எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்து, தானும் ஒரு குவளை எடுத்துக்கொண்டாள். சூடு தொண்டையில் இறங்கியது. வேறு எதுவும் இறங்கவில்லை.

எதிரே ஆர்செசியோ ஒரு மிடறு குடித்துவிட்டு, கூரையைப் பார்த்தபடி நின்றான். ஓட்டுநர் கண்ணில் தண்ணீர் முட்ட, "நல்ல காபிம்மா" என்றார். நிடியாவின் கன்னங்கள் உப்பியிருந்தன, விழுங்கவில்லை.

ஒதிலியா மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன, உப்பா?"

ஆர்செசியோ நிடியாவைக் கண்ணால் அடக்கப் பார்த்தான். நிடியா ஜன்னலுக்கு வெளியே காறித் துப்பினாள்.

"உப்பாவா? கடலையே கொதிக்கவெச்சிருக்க அக்கா!"

"சொல்லித் தொலையறதுக்கு என்ன?" என்றாள் ஒதிலியா. நான்கு குவளையையும் வாங்கி மழையில் கொட்டினாள். பாத்திரத்தைக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து, மறுபடி அந்தப் பாதி வட்டத்தின் மேல் வைத்தாள். இரண்டு டப்பாவையும் நிடியாவிடம் நீட்டினாள்.

"நீ போடு. எது சர்க்கரைன்னு உனக்குத்தான் தெரியும்."